கடை மூடிய பிறகு வந்த கலை: இங்கிலாந்துக் கடைவீதிகளில் ஒரு வாரம்

ஞாயிறு, பெத்னல் கிரீன்

கிழக்கு லண்டனின் கொலம்பியா ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பூச்சந்தை. காலை பதினொரு மணிக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. நான் போனது பூ வாங்க அல்ல, அதன் பக்கத்திலேயே இருக்கும் வெலிங்டன் ரோ என்ற சின்னத் தெருவைப் பார்க்க.

2014 ஆகஸ்ட் மாதம் லூசி ஸ்பாரோ என்ற கலைஞர் இந்தத் தெருவில் காலியாகக் கிடந்த ஒரு கடையை எடுத்து மளிகைக்கடை போட்டார். அலமாரி இருந்தது, குளிர்பெட்டி இருந்தது, கல்லாவும் இருந்தது. சரக்கு முழுவதும் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி மாதிரியானது. பீன்ஸ் டின், சோப்புத்தூள், சிகரெட் பெட்டி, சாக்லேட், செய்தித்தாள், பட்டாணிப் பை என்று 4,000 பொருட்களைக் கையால் வெட்டி, தைத்து, பஞ்சு அடைத்து அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருந்தது. உள்ளே வந்து, எடுத்துப் பார்த்து, காசு கொடுத்து வாங்கிப் போகலாம்.

இப்போது அந்தத் தெருவில் அதற்கான அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் இந்தப் பயணத்தைத் தொடங்க எனக்கு மனமில்லை. அழிந்துபோகும் மூலைக்கடையைப் பற்றி ஒருவர் வருத்தமாக ஒரு ஓவியம் வரையலாம், நாமும் பார்த்துவிட்டு வருத்தப்படலாம். லூசி ஸ்பாரோ அப்படிச் செய்யவில்லை. கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தார். கடை என்றால் பொருள் மட்டும் இல்லை, கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இரண்டு பேர் என்பதை அவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இந்த மூலைக்கடைகளில் நம் ஆட்களின் உழைப்பு நிறைய இருக்கிறது. 1972-இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குஜராத்திக் குடும்பங்கள் பலவும், பிற்பாடு போரில் வீடிழந்து வந்த ஈழத்தமிழர்கள் பலரும் எடுத்து நடத்தியவை இவை. விடியுமுன் கடையைத் திறந்து, பேப்பர் கட்டைப் பிரித்து அடுக்கி, இரவு பதினொன்று வரை நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

திரும்பும் வழியில் பெத்னல் கிரீன் ரோடு 103-ஆம் எண். 1993-இல் டிரேசி எமின், சாரா லூகாஸ் என்ற இரண்டு இளம் பெண்கள் இங்கே ஆறு மாதம் கடை நடத்தினார்கள். அப்போது இருவருக்கும் பெரிய பெயர் கிடையாது. கையால் எழுதிய டி-ஷர்ட், பேட்ஜ், குவளை, சாம்பல் கிண்ணம் என்று தாங்களே செய்ததை விற்றார்கள். வாடகைக்கும் பீருக்கும் அதிலிருந்துதான் காசு. இன்று இருவரும் பிரிட்டனின் முதல் வரிசைக் கலைஞர்கள். எமினை இந்த வாரம் மறுபடியும் பார்க்கப் போகிறோம், அவருடைய சொந்த ஊரில்.

திங்கள், ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்

பிரிட்டனில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஹை ஸ்ட்ரீட் உண்டு. இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, மருந்துக்கடை, வங்கி, தபால் நிலையம் எல்லாம் வரிசையாக இருக்கும் தெரு. நடுவில் ஒரு பெரிய கடை, அநேகமாக வுல்வொர்த்ஸ். 2008 டிசம்பர் கடைசியில் தொடங்கி 2009 ஜனவரி 6-க்குள் அந்த நிறுவனத்தின் 800-க்கும் மேற்பட்ட கடைகள் இழுத்து மூடப்பட்டன. சுமார் 27,000 பேர் வேலை இழந்தார்கள். 2016-இல் பிஎச்எஸ் என்ற இன்னொரு பெரிய கடை நிறுவனம் போனது. 1778-இல் தொடங்கிய டெபனம்ஸ் 2021 மே மாதத்தோடு முடிந்தது. 2023-இல் வில்கோ. பெரிய கடை போனால் அதற்கு வரும் கூட்டமும் போகும். கூட்டம் போனால் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எத்தனை நாள் தாங்குவார்?

இன்று பார்க்க வந்த இடம் மார்பிள் ஆர்ச் பக்கத்தில் இருக்கிறது. இப்போது அங்கே பிரைமார்க் துணிக்கடை. திங்கட்கிழமை மதியத்திலும் தள்ளுமுள்ளு. முன்பு அது சி அண்ட் ஏ துணிக்கடை. அந்த நிறுவனம் பிரிட்டனை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தபோது, 2001 பிப்ரவரியில், காலியான அந்தக் கட்டடத்தில் மைக்கேல் லேண்டி என்ற கலைஞர் இரண்டு வாரம் ஒரு வேலை செய்தார். தன்னிடம் இருந்த அத்தனை பொருளையும் பட்டியல் போட்டார். மொத்தம் 7,227. மஞ்சள் தட்டுகளில் அவற்றை வைத்து, தொழிற்சாலை மாதிரி ஓடும் பட்டையில் அனுப்பி, நீல உடை போட்ட பணியாளர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றையும் பிரித்து, உடைத்து, அரைத்தார். பாஸ்போர்ட், காதல் கடிதங்கள், நண்பர்கள் கொடுத்த ஓவியங்கள், சாப் கார், அப்பாவின் ஆட்டுத்தோல் கோட்டு, எதுவும் மிஞ்சவில்லை. முடிந்தபோது அவரிடம் இருந்தது உடுத்தியிருந்த உடை மட்டும்.

நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்களாம். அந்தக் கோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. லேண்டியின் அப்பா சுரங்க வேலையில் விபத்துக்குள்ளாகி முடங்கியவர். கடையில் வாங்கிய கோட்டுதான், ஆனால் ஒரு மனிதர் பல வருடம் போட்டுக்கொண்ட பிறகு அதன் விலைச்சீட்டு எதற்கு ஆகும்? நாட்டின் மிகப் பெரிய கடைவீதியில், ஒரு கடையின் காலியிடத்தில், வாங்குவது பற்றிய அத்தனை கேள்விகளையும் அவர் ஒரே சமயத்தில் போட்டார். இருபது வருடம் கழித்து வந்த ஆன்லைன் வெள்ளத்தில் அந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகியிருக்கின்றன. இன்று பிரிட்டனின் சில்லறை விற்பனையில் கால் பங்குக்கு மேல் இணையத்தில்தான் நடக்கிறது.

செவ்வாய், மார்கேட்

செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கியதும் கடல். மணல் அகலமாக, வெளிறிய மஞ்சளாக, கரையோரம் முழுக்க நீள்கிறது. ஓவியர் டர்னர் திரும்பத் திரும்ப வந்து வரைந்த வானம் இதுதான். அவர் தங்கிய விடுதி இருந்த இடத்தில் 2011 ஏப்ரலில் டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் திறந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்தது. நுழைவுக் கட்டணம் இல்லை.

திறந்த சமயத்தில் மார்கேட் ஹை ஸ்ட்ரீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடைகள் காலி. லண்டன்காரர்கள் விடுமுறைக்கு ஸ்பெயின் போகத் தொடங்கியது ஒரு காரணம். 2005-இல் ஊருக்கு வெளியே, சில மைல் தூரத்தில், கார் நிறுத்த வசதியோடு வெஸ்ட்வுட் கிராஸ் என்ற பெரிய வணிக வளாகம் வந்தது இன்னொன்று. பெயர் பெற்ற கடைகள் அங்கே இடம் மாறின. 2012-இல் கடைவீதிகளுக்கு உயிரூட்டும் திட்டத்துக்கு அரசு இதை முன்மாதிரி ஊர்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது. தொலைக்காட்சியில் கடைகளுக்கு யோசனை சொல்லிப் புகழ்பெற்ற மேரி போர்டாஸ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சி அது. 12 ஊர்களுக்கு ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு. மார்கேட்டுக்குப் பணம் வந்தது, கேமராவும் வந்தது, ஊர்க்குழுவுக்குள் சண்டையும் வந்தது.

இப்போது எப்படி இருக்கிறது? கலைக்கூடத்தை ஒட்டிய பழைய நகரத்தில் பழம்பொருள் கடை, காபிக்கடை, அச்சுப்படக் கடை எல்லாம் ஜேஜே என்று இருக்கின்றன. அங்கிருந்து மேட்டில் ஏறி ஹை ஸ்ட்ரீட்டுக்குள் போனால் கதை வேறு. ஒரு கடை திறந்திருக்கிறது, அடுத்தது மூடியிருக்கிறது, அதற்கடுத்ததின் கண்ணாடியில் உள்பக்கமாக வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. கலைக்கூடத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்த மேட்டில் ஏறுவதில்லை.

ஒரு காலிக்கடையில் நாலைந்து பேர் சேர்ந்து ஓவியங்கள் மாட்டியிருந்தார்கள். தரையில் பழைய அலமாரியின் தடம் அப்படியே இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி தேநீர் கொடுத்துவிட்டு ஒரு கணக்கை விளக்கினார். அதைக் கேட்ட பிறகு இந்தக் கலைக் காட்சிகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

கணக்கு இதுதான். கடை காலியானால் முதல் மூன்று மாதம் உரிமையாளருக்குச் சொத்து வரியில் விலக்கு. அதன் பிறகு காலியாகவே கிடந்தாலும் முழு வரி கட்ட வேண்டும். ஆனால் நடுவில் யாராவது ஆறு வாரம் கடையைப் பயன்படுத்தினால், அவர்கள் போனதும் மறுபடியும் மூன்று மாத விலக்கு. அதனால் உரிமையாளர்கள் ஓவியர்களைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். தொண்டு அமைப்பாக இருந்தால் இன்னும் லாபம், ஏனென்றால் தொண்டு அமைப்புகளுக்கு வரியில் 80 சதவீதம் தள்ளுபடி. 2024 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் அந்த ஆறு வாரத்தை 13 வாரமாக்கிவிட்டார்கள்.

ஊருக்கு ஊர் காலிக்கடைகளில் கலை முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2009-இல் அரசே காலிக்கடைகளில் இப்படிப்பட்ட முயற்சிகளுக்காக 30 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. இதில் ஓவியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கிடைத்த சுவரில் மாட்டுகிறார்கள், ஊர்க்காரர்கள் காலாற உள்ளே வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஆறு வாரம் முடிந்ததும் கதவைப் பூட்டுகிற ஏற்பாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டிரேசி எமின் வளர்ந்த ஊர் இது. கடற்கரை ஓரக் கட்டடம் ஒன்றில் அவர் கையெழுத்திலேயே ஒரு நியான் விளக்கு, 'உன்னை நேசிப்பதை நான் ஒருபோதும் நிறுத்தவில்லை' என்று. 2010-இல் வைத்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் ஊருக்குத் திரும்பி வந்து, பழைய பொதுக் குளியல்கூடம் ஒன்றை வாங்கி, 2023-இல் ஓவியர்கள் குறைந்த வாடகைக்கு வேலை செய்யும் கூடங்களாகத் திறந்தது. பெத்னல் கிரீன் கடையில் வாடகைக்கு அல்லாடியவருக்கு வாடகையின் அருமை தெரிந்திருக்கிறது.

புதன், வியாழன், ஃபோக்ஸ்டன்

டோவர் வழியாக ரயில். இந்த ஊரில் இரண்டு நாள் தங்கினேன், அதற்கும் மேல் தங்கியிருக்கலாம்.

பழைய ஹை ஸ்ட்ரீட் செங்குத்தாகத் துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. கல் பாவிய தெரு, இரண்டு பேர் கை நீட்டினால் இரு பக்கக் கடைகளையும் தொட்டுவிடலாம் போல் குறுகலானது. ஒவ்வொரு கடை முகப்பும் ஒரு நிறம். கீழே இறங்கினால் டான்டீன் தெரு. 1917 மே 25 மாலை, ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டு இந்தத் தெருவில் ஒரு காய்கறிக் கடை வாசலில் விழுந்தது. உருளைக்கிழங்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்ற 60 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. ஒரு கடை வாசல் எத்தனை பேரை ஒன்றுசேர்க்கிற இடம் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி இருக்க முடியாது.

1994-இல் கடலுக்கடியில் பிரான்ஸுக்குப் போகும் ரயில் சுரங்கப்பாதை திறந்தது. சில வருடங்களில் பிரான்ஸுக்குப் போய்வந்த கப்பல்களும் நின்றுபோயின. ஊர் படுத்துவிட்டது. 2002-இல் ரோஜர் டி ஹான் என்ற உள்ளூர்ச் செல்வந்தர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இப்போது அதன் பெயர் கிரியேட்டிவ் ஃபோக்ஸ்டன். பழைய நகரத்தில் சிதிலமாகிக் கிடந்த கட்டடங்களை வாங்கி, பழுது பார்த்து, நீண்டகாலக் குத்தகையில் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். இன்று சுமார் 90 கட்டடங்கள். கீழே கடை அல்லது பட்டறை, மேலே குடியிருப்பு. கலைஞர்கள், கைவினைஞர்கள், சிறு தொழில் செய்பவர்கள் குடியிருக்கிறார்கள். ஆறு வாரக் கணக்கு இங்கே கிடையாது.

2008 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் திறந்தவெளிக் கலை விழா நடக்கிறது. அதில் வைத்தவற்றில் பலவற்றை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். 2014-இல் மைக்கேல் சைல்ஸ்டார்ஃபர் என்ற ஜெர்மானியர் துறைமுகக் கடற்கரை மணலில் 30 சிறு தங்கக் கட்டிகளைப் புதைத்துவிட்டு, கண்டெடுப்பவர்களுக்கே சொந்தம் என்று சொல்லிவிட்டார். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது.

நான் அதிக நேரம் நின்றது ஒரு விளம்பரப் பலகை எழுதுபவரின் சின்னக் கடையில். கண்ணாடியில் தங்க எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். முகப்புக் கண்ணாடியின் உள்பக்கத்தில் எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும். கொதிநீரில் ஜெலட்டின் கரைத்து, அந்த நீரைக் கண்ணாடியில் தடவுகிறார். அணில் முடியில் செய்த அகலமான தட்டைத் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தேய்க்கிறார். கன்னத்து எண்ணெய்ப் பசையில் தங்கரேக்கு தூரிகையில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனதும் ரேக்கு தானாகத் தாவி ஒட்டுகிறது. மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும், அதனால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ந்ததும் பஞ்சால் தேய்த்து, விட்டுப்போன இடங்களில் இரண்டாவது ரேக்கு. பிறகு எழுத்தின் மேல் வண்ணம் பூசி, அது காய்ந்ததும் சுற்றியுள்ள உபரித் தங்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுகிறார். தெருவிலிருந்து பார்த்தால் எழுத்து பளபளக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் ரேக்கு ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கலவையில் மேடு கட்டுவார்கள், இங்கே வெறும் கண்ணாடி.

"யாருக்கு எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன். மேட்டில் புதிதாகத் திறக்கப்போகும் ரொட்டிக்கடைக்காம். அறுபது, எழுபது வருடம் நிற்கும் என்றார். அந்தக் கடை அறுபது வருடம் நிற்குமா என்று நான் கேட்கவில்லை. எழுதுகிறவருக்கும் எழுதச் சொன்னவருக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது, அது போதும்.

இந்த ஊரிலும் நெருடல் உண்டு. ஒரே ஒரு பணக்காரரின் நல்ல மனதை நம்பி ஒரு நகரம் இருப்பது எவ்வளவு நாளைக்கு? கடற்கரையில் எழும்பும் அடுக்குமாடி வீடுகளை உள்ளூர்க்காரர்கள் வாங்க முடியாது என்று பேசிக்கொள்கிறார்கள். ஊரின் முதன்மைக் கடைவீதியான சாண்ட்கேட் ரோட்டில் 2020 ஜனவரியில் டெபனம்ஸ் மூடியது. அந்தப் பெரிய கட்டடத்தை நகராட்சி வாங்கி ஃபோல்கா என்று பெயர் வைத்தது. வியாழன் மாலை அதன் முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பழைய நகரத்துச் சின்னச் சின்னக் கடைகளை ஓவியர்கள் நிரப்பிவிடலாம். இப்படி ஒரு மாளிகையை நிரப்ப எத்தனை ஓவியர்கள் வேண்டும்!

வெள்ளி, ஈஸ்ட்போர்ன்

ஆஷ்ஃபோர்டில் ரயில் மாறி, ஹேஸ்டிங்ஸ் வழியாக வந்தேன். மழை. நேராக டவ்னர் கலைக்கூடம். இந்த ஊரில் வளர்ந்த ஓவியர் எரிக் ரவிலியஸின் படைப்புகள் இங்கே பெரிய தொகுப்பாக இருக்கின்றன. அவருடைய அப்பா பழம்பொருள் கடை வைத்திருந்தவர்.

1938-இல் ரவிலியஸ் வரைந்த 24 வண்ணக் கல்லச்சுப் படங்களை மறுபதிப்பில் பார்த்ததிலிருந்துதான் எனக்கு இந்தப் பயண ஆசை வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கடை முகப்பு. சேணம் தைப்பவர், பாலாடைக்கட்டி வியாபாரி, வாணவெடிக் கடை, கல்யாணக் கேக் கடை, கடலடியில் மூழ்குபவர்களுக்கு உடை தைக்கும் கடை. இதில் எனக்குப் பிடித்தது அந்த மூழ்குபவர் கடைதான், சன்னலில் செம்புத் தலைக்கவசம் போட்ட பொம்மை நிற்கும். சங்கிலிக் கடைகள் அப்போதே ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தன. அச்சுத் தகடுகள் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. ரவிலியஸ் 1942-இல் போர்க்கால ஓவியராகப் போன இடத்தில், ஐஸ்லாந்து அருகே விமானத்தோடு காணாமல் போனார். வயது 39.

ரயிலில் திரும்பும்போது இதற்கு நேர் எதிரான ஒன்று மனதில் ஓடியது. 2013-இல் வட அயர்லாந்தின் ஃபெர்மானா பகுதியில் ஜி-8 மாநாடு. உலகத் தலைவர்கள் வருகிறார்கள் என்று, மூடிக்கிடந்த கடைகளின் கண்ணாடியில் சரக்கு நிரம்பிய கடை போலப் படம் ஒட்டினார்கள். பெல்கூ என்ற சிற்றூரில் மூடிப்போன இறைச்சிக்கடையில் இறைச்சி தொங்குவது போல் படம். கார் ஓடும் வேகத்தில் பார்த்தால் கடை திறந்திருப்பது போல் தெரியும். ரவிலியஸ் வரைந்ததும் கடை முகப்புதான், இதுவும் கடை முகப்புதான். அவர் அந்தக் கடைக்காரரை மதித்து வரைந்தார். இவர்கள் அந்தக் கடைக்காரருக்கு என்ன ஆனது என்பதை மறைக்க ஒட்டினார்கள். இன்றும் பல ஊர்களில் காலிக்கடைகளின் கண்ணாடியை இப்படிப்பட்ட பளபளப்புத் தாள்கள் மூடியிருக்கின்றன. எனக்கு அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

சனி, ஈஸ்ட் ஹாம்

தங்கியிருந்த தோழி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் காலையிலேயே கூட்டம். நகைக்கடை, புடவைக்கடை, வெண்டைக்காயும் முருங்கைக்காயும் வெளியே அடுக்கிய காய்கறிக் கடை, இட்லி வாசனை. எல்லாத் தெருவும் செத்துவிடவில்லை என்று பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

தோழி வீட்டுத் தெருமுனைக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் அதே கடை. பால் வாங்கப் போனவளிடம் எங்கெல்லாம் போனீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன்.

"நான் வந்த நேரம் இந்த ரோட்டில ரெண்டு இறைச்சிக்கடை, ஒரு மீன்கடை, ஒரு சப்பாத்துக் கடை இருந்தது தங்கச்சி. இப்ப நான் மட்டும்தான். சனம் எல்லாம் போனிலதானே சாமான் எடுக்குது."

ஃபெல்ட் துணிக் கடையைப் பற்றிச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார். போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சிகரெட் அடுக்கு சரியான இடத்தில் இருக்கிறதாம், ஆனால் பாலை இவ்வளவு முன்னால் வைக்கக் கூடாதாம். பால் கடைசியில் இருந்தால்தான் ஆட்கள் கடை முழுக்க நடப்பார்கள்.

"விலை போட்டு வித்தவவோ?"

"ஆமாம் அண்ணா. எல்லாமே விற்பனைக்குத்தான்."

"அப்ப அது கடைதான். எவ்வளவு காலம் நடத்தினவ?"

"ஒரு மாதம்."

"வாடகை என்ன மாதிரியாம்?" என்று அவர் கேட்கும்போதே, மின்சார மீட்டர் சாவிக்குப் பணம் ஏற்ற ஒரு பாட்டி வந்தார். அவருக்குப் பின்னால் பார்சல் அனுப்ப இருவர். நான் பாலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன், வாடகைப் பேச்சு பாக்கி இருக்கிறது.